எழுந்து நிற்கும் கல்
எகிப்தியச் சிற்பி மஹ்மூத் முக்தார்

அரபு மொழியிலே 'நஹ்தா' என்றொரு சொல் உண்டு. இருந்தவன் எழுந்து நிற்றலை முதற்கண் உணர்த்திய அச்சொல், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நெடுங்காலம் சோர்ந்து கிடந்த மக்கட் கூட்டமொன்று தன்னுணர்வு பெறுதலுக்கும், அம்மக்களின் மொழியும் கல்வியும் புத்துயிர் கொள்ளுதலுக்கும் பெயராயிற்று. நம் மொழியிலுள்ள 'எழுச்சி' என்னும் சொல்லும் இவ்வாறே உடம்பின் வினையிலிருந்து உள்ளத்தின் வினைக்கு ஏறிய சொல்லேயாகும். புலவராயினோர் இத்தகைய சொற்களை மேன்மேலும் விரித்துச் செல்வர். எகிப்து நாட்டுச் சிற்பி ஒருவரோ விரிந்து சென்ற சொல்லை அதன் பழைய பொருளுக்கே மீட்டுக் கொணர்ந்து, கண்ணாற் காணுமாறு கருங்கல்லிலே நிறுத்திவிட்டார். அவர் பெயர் மஹ்மூத் முக்தார். 'நஹ்தத் மிஸ்ர்', அஃதாவது எகிப்தின் எழுச்சி என்னும் அவர் சிலை இன்று கைரோச் சர்வகலாசாலைக்கு எதிரேயுள்ள சதுக்கத்தில் நிற்கின்றது.

சிலையின் அமைதியை முதலிலே சொல்லிவிடுவது நன்று. சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட ஸ்பிங்ஸ் என்னும் உருவத்தை நம் மாணவர் சரித்திரப் புத்தகங்களிற் கண்டிருப்பர். கீசாவின் பிரமிட்டுகளருகே மணலிற் படுத்துக் கிடக்கும் அவ்வுருவத்தை அரபு மக்கள் 'அபுல் ஹவ்ல்' என்பர். அச்சத்தின் தந்தை என்பது பொருள். முக்தாருடைய ஸ்பிங்ஸ் படுத்துக் கிடக்கவில்லை. பின்னுடல் இன்னும் நிலத்திலே பொருந்தியிருக்க, முன்கால்களை ஊன்றித் தலையை நிமிர்த்தி எழுகின்றது. அதனருகே உழவர் குலப் பெண்ணொருத்தி நிற்கிறாள். அவள் வலக்கை அவ்விலங்கின் தலைமேற் படிந்திருக்கிறது. இடக்கை தன் முகத்தை மூடிய முக்காட்டை விலக்குகின்றது. இரண்டு செயல்களும் முடிந்துவிட்ட செயல்களல்ல, இரண்டும் நிகழ்ந்துகொண்டிருக்கின்றன. இலக்கணம் கற்றோர் இதனை நிகழ்காலத்து வினை என்பர். வெற்றிச் சின்னங்கள் பெரும்பாலும் இறந்த காலத்திலேயே பேசுவன. இச்சிலை அவ்வாறு பேசாமையே இதன் தனிச்சிறப்பு என்பது என் கருத்து.

முக்தார் 1891 ஆம் ஆண்டு மே மாதம் 10 ஆம் திகதி, நைல் நதியின் கழிமுகத்திலே மஹல்லா அல் குப்ரா என்னும் பட்டினத்தை அடுத்த தன்பாரா என்ற சிற்றூரிலே பிறந்தார். தந்தை அவ்வூர்த் தலைவர். வாய்க்கால் ஓரத்து வண்டல் மண்ணை அளைந்து, குடம் சுமந்து செல்லும் பெண்களையும் விலங்குகளையும் உருவாக்குதலே அச்சிறுவனின் விளையாட்டாயிருந்தது. இவ்வாறு மண்ணளையும் பிள்ளைகள் எந்த நாட்டிலும் உளர். அவருட் பெரும்பாலோர் பாடம் படிக்குமாறு அடித்து உள்ளே அழைத்துச் செல்லப்படுகின்றனர். முக்தாருக்கு வாய்த்த நற்பேறு, அவர் தாயுடன் கைரோவுக்குக் குடிபெயர்ந்து சில ஆண்டுகளில், அந்நகரிலே நுண்கலைக் கல்லூரி ஒன்று தோன்றியமையே. யூசுப் கமால் என்னும் இளவரசர் தம் சொந்தப் பொருளைக் கொண்டு 1908 இல் அதனை நிறுவினார். அதன் முதல் மாணவர் வரிசையில் பதினேழு வயதுடைய முக்தாரும் ஒருவர். சிற்பம் கற்பித்தவர் லாப்பிளான் என்ற பிரெஞ்சுக்காரர்.

அங்கு பயின்றோருள் யூசுப் காமில், றாகிப் அய்யாத் என்னும் ஓவியர் இருவரைப் பற்றி இடையிலே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இருவரும் பிற்காலத்திற் பாடசாலைகளிலே சித்திர ஆசிரியராயினர். இத்தாலி சென்று மேலும் கற்க இருவருக்கும் ஆசை, பொருளோ இல்லை. ஆகவே ஒருவர் உரோமாபுரியிற் கற்க, மற்றவர் இருவருடைய வகுப்புக்களையும் தாமே நடத்தி நண்பரின் சம்பளத்தை அனுப்பிவந்தார். பின்னர் முறை மாறியது. ஆசிரியத் தொழிலின் சரித்திரத்திலே இதற்கு ஓரிடம் உண்டு என்பதை இத்தொழிலில் முதிர்ந்தோர் மறுக்கமாட்டார்கள்.

நிற்க. இஸ்லாமிய நாடொன்றிலே சிலை வடித்தல் எவ்வாறு இயன்றது என்று வாசகர் வினவலாம். வினா நியாயமானதே. உருவம் சமைத்தலை விலக்கும் மரபு அங்கே வலிதாயிருந்தது. பள்ளிவாயில்களை அழகுசெய்தவை எழுத்தும் கொடியும் கோலமுமேயன்றி உருவங்களல்ல. ஆயினும் நுண்கலைக் கல்லூரி தோன்றுதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, எகிப்தின் தலைமை முப்தியாகிய முஹம்மது அப்துஹூ, சிசிலித் தீவின் நூதனசாலைகளைக் கண்டபின் எழுதிய கட்டுரையிலே இவ்வினாவை எடுத்து ஆராய்ந்திருந்தார். கவிதைக்கும் ஓவியத்துக்கும் உள்ள உறவை அவர் எடுத்துக் காட்டினார். பண்டைய அரபுக் கவிதைகளைக் காத்தல் மொழியறிவுக்கு உதவுவதுபோல, உருவங்களைக் காத்தல் பொருளறிவுக்கு உதவும் என்றார். வணக்கத்துக்கென்று செய்யப்படாத உருவத்தை விலக்க வேண்டுவதில்லை என்பதே அவர் கொண்ட துணிபு. அப்துஹூ 1905 இல் இறந்தார். முக்தாரின் உளி தடையின்றி இயங்கியமைக்கு இப்பெரியார் முன்பே திறந்துவைத்த வாயிலும் ஒரு காரணம் என்று கொள்ளலாம். கற்றோர் எல்லோரும் இதனை ஏற்றனர் என்று எண்ணற்க. ஆனால் ஏற்காதோரும் விடைகூற வேண்டிய நிலை உண்டாயிற்று.

1912 ஆம் ஆண்டளவில் இளவரசரின் உதவிப் பணத்துடன் முக்தார் பாரிசு சென்று, அந்நகரின் புகழ்பெற்ற நுண்கலைக் கல்லூரியிலே கூட்டான் என்னும் சிற்பியிடம் பயின்றார். 1913 இல் அந்நகரின் ஆண்டுக் கலைக்காட்சியிலே 'அயிதா' என்னும் சிலையை வைத்தார். அயிதா யார்? இத்தாலிய இசைப்புலவர் வேர்தி இயற்றி, 1871 இல் கைரோவில் முதலில் மேடையேறிய இசைநாடகத்தின் தலைவி. தம் நாட்டுப் பழமையை ஐரோப்பியர் கற்பனை வழியாகவே கண்ட காலம் அது. அதனைக் குறையாகக் கொள்ளவேண்டா. தன் வீட்டை அயலான் வருணிக்கக் கேட்டபின்னரே தானும் ஒருமுறை சென்று பார்ப்போம் என்னும் எண்ணம் பலருக்கு உண்டாகின்றது.

1914 இற் பெரும்போர் மூண்டது. நாட்டிலிருந்து வந்த உதவி அற்றது. முக்தார் படைக்கலத் தொழிற்சாலையிலே கூலிக்கு உழைத்தார்; பின்னர்ப் பாரிசின் கிரெவின் மெழுகுச்சிலைச் சாலையிலே பணிசெய்தார். மெழுகிலே புகழுடையோரின் முகத்தை அச்சொட்டாகச் செய்யும் அவ்வேலை உண்மைச் சிற்பிக்கு உவப்பானதன்று. எனினும் அது சோறளித்தது.

இனி நாட்டின் நிலையைக் கூறவேண்டும். 1882 இல் ஆங்கிலேயர் எகிப்தைக் கைப்பற்றினர். அவரை எதிர்த்து நின்று தோற்ற படைத்தலைவர் அஹ்மத் அறாபி பாஷாவை நம் நாட்டார் நன்கறிவர். 1883 முதல் 1901 வரை இலங்கையிலேயே சிறைவாழ்வு வாழ்ந்தவரன்றோ அவர்! கொழும்பிலும் கண்டியிலும் அவர் வாழ்ந்த காலத்து நினைவுகள் நம்மிடையே இன்னும் மறையவில்லை. அறாபியின் இயக்கத்திலே இளமையில் ஈடுபட்டவர் ஸஃது ஸக்லூல். போர் முடிந்ததும் எகிப்தின் விடுதலையைக் கேட்கத் தூது செல்வோம் என்று புறப்பட்டவர் அவரே. 1919 மார்ச்சு மாதத்தில் ஆங்கிலேயர் அவரைப் பிடித்து மால்ற்றாத் தீவுக்கு அனுப்பினர். நாடு கொதித்தெழுந்தது. மாணவர், வழக்கறிஞர், தொழிலாளர், உழவர், முஸ்லிம்கள், கொப்திக் கிறித்தவர் என்ற வேற்றுமையின்றி வீதிக்கு வந்தனர்; உயர்குலப் பெண்டிரும் முக்காட்டுடன் ஊர்வலம் சென்றனர். ஸக்லூல் விடுவிக்கப்பட்டுப் பாரிசுக்குச் சென்றார். சமாதான மகாநாடு அவரைச் செவிமடுக்கவில்லை.

அந்நாளிலேதான் பாரிசில் இருந்த முக்தாரின் பணிமனையில் 'எகிப்தின் எழுச்சி' உருக்கொண்டது. 1920 இல் அதன் மாதிரி வடிவம் பாரிசுக் கலைக்காட்சியிலே இடம்பெற்றது. மகாநாட்டிலே மதிப்பாரின்றி நின்ற தூதுக்குழுவினர் அதனைக் கண்டபொழுது உற்ற உணர்ச்சியை நாம் ஊகிக்கலாம். ஐரோப்பிய நகரமொன்றில், எகிப்தின் பெயரை மதிப்போடு சொல்ல அப்பொழுது அவர்களுக்குக் கிடைத்த சான்று ஒரு சிற்பியின் கைவேலையே. செய்தி தாயகம் சேர்ந்தது. 'அல் அக்பார்' என்னும் பத்திரிகை சிலைக்காகப் பொருள் திரட்ட முன்வந்தது. செல்வரும் ஏழையரும் இயன்றதை அனுப்ப, ஆறாயிரம் பவுணுக்கு மேற் சேர்ந்தது. நவீன எகிப்திலே அரசர்க்கும் படைத்தலைவர்க்கும் சிலைகள் முன்பும் இருந்தன. அவற்றைச் செய்தோர் ஐரோப்பியர், செய்வித்தோர் ஆள்வோர். ஓர் எகிப்தியர் வடிக்க, எகிப்திய மக்கள் தம் காசைக் கொடுத்து எழுப்பிய பொதுச்சிலை இதுவே முதலாவது.

1921 இல் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. கைரோவின் பெரிய புகையிரத நிலையத்துக்கு முன்னுள்ள பாபுல் ஹதீத் சதுக்கம் இடமாகக் குறிக்கப்பட்டது. கல், தென்னெல்லையிலுள்ள அஸ்வானின் செந்நிறக் கருங்கல். பண்டைய பாரோ மன்னர் தம் தூபிகளுக்கும் சிலைகளுக்கும் அறுத்தெடுத்ததும் அங்குதான். கைரோவுக்கும் அஸ்வானுக்கும் இடையே எண்ணூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவு. பத்தினிக்கு இமயத்திலிருந்து கல் கொணர்ந்த செய்தியைச் சிலப்பதிகாரத்திலே படிக்கும் நாம், ஒரு கல்லின் பெருமை அது வந்த வழியிலும் தங்கியிருப்பதை எளிதில் உணர்வோம். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல் என்று நம் நூலோர் கல்லுக்கு வகுத்த படிநிலைகளில், எகிப்தியர்க்கு எட்டாண்டு கழிந்தது. பொருள் போதாமை ஒன்று. அமைச்சரவைகள் அடிக்கடி மாறியமை மற்றொன்று. ஓர் அமைச்சர் தொடங்கியதை அடுத்தவர் நிறுத்துவார். பொதுவேலைப் பகுதியாருக்கும் சிற்பிக்கும் வழக்கு. பாராளுமன்றம் அமைந்தபின் அது வேண்டிய பணத்தை ஒதுக்கவே வேலை முடிந்தது. 1928 மே மாதம் 20 ஆம் திகதி, மன்னர் புவாத் முன்னிலையிலே சிலை திறக்கப்பட்டது. அரபுக் கவியரசர் என்று போற்றப்பட்ட அஹ்மத் ஷவ்கி அவ்விழாவுக்கெனக் கவிதை இயற்றினார். ஸக்லூல் அதனைக் காணவில்லை. முந்திய ஆண்டிலே அவர் இறந்துவிட்டார்.

இவ்விடத்திலே பலரும் கூறிவரும் தவறான கூற்றொன்றைத் திருத்துதல் தகும். எகிப்தியப் பெண்டிர் இயக்கத்தின் தலைவி ஹுதா ஷஃராவி, 1923 இல் உரோமாபுரியில் நிகழ்ந்த பெண்டிர் மகாநாட்டிலிருந்து திரும்பி, கைரோப் புகையிரத நிலையத்திலே இறங்கியபொழுது தம் முகத்திரையை நீக்கினார். சிலை அந்நிலையத்துக்கு முன்னேயே நின்றமையால், சிற்பி அந்நிகழ்ச்சியைக் கல்லில் அமைத்தார் எனச் சிலர் எழுதுவர். ஆண்டுகளை எண்ணிப் பார்ப்பின் உண்மை மறுதலையாகும். 1920 இலேயே மாதிரி வடிவத்துப் பெண் முக்காட்டை விலக்கிவிட்டாள். சிற்பியைக் கண்டு அம்மையார் செய்தார் என்று நான் சொல்லவில்லை; இருவரும் ஒரே காலத்தின் மூச்சை உள்வாங்கியவர் என்பது போதும். ஆயினும் கலை எப்பொழுதும் நிகழ்ச்சிக்குப் பின்னேதான் நடந்து செல்லும் என்று கருதுவோர் இவ்வாண்டுகளை மனத்திற் கொள்வாராக.

புகழ் இச்சிலைக்கே உரியதாயினும், சிற்பம் என்னும் அளவிலே முக்தாரின் மேன்மை அவர் பிற்காலத்துச் சிறு வடிவங்களிலேதான் முழுமையாக விளங்குகின்றது. 'எழுச்சி'யிலே கருத்து முந்திநிற்கிறது. விலங்கும் பெண்ணும் ஒன்றோடொன்று பேசவேண்டியிருத்தலால் இருவரும் சிறிது விறைத்து நிற்கின்றனர். நைற்கரைப் பெண்டிரை வடித்தபொழுதோ அவருக்குச் சொல்லவேண்டிய கருத்து ஒன்றுமில்லை. பார்த்தது மட்டுமே உண்டு. குடத்துடன் ஆற்றுக்குச் செல்வோர், நீர் முகந்து மீள்வோர், சந்தையிலிருந்து திரும்புவோர், நண்பகலிலே அயர்ந்து தூங்குவோர் என்றிவர்களை அவர் திரும்பத் திரும்பச் செய்தார். நிலத்தளவு தொங்கும் ஆடையைச் சில நெடுங்கோடுகளாகச் சுருக்கிவிடுகிறார். கண், காது, விரல் என்று நுணுக்கங்களை எண்ணிக்கொண்டிராமல் முழு உடம்பையும் ஒரே திரட்சியாக நிறுத்துகிறார். இம்முறையைப் பாரிசு அவருக்குக் கற்பித்ததோ, பாரோக்கள் காலத்துக் கல்தச்சர் கற்பித்தனரோ என்பது வழக்கு. கற்கத் தெரிந்தவனுக்கு ஆசிரியர் இருவர் இருத்தல் இயல்பேயாம்.

இவ்வரிசையில் நான் முதலாவதாக வைப்பது 'அல் கமாஸீன்' என்பதை. கமாஸீன் என்ற சொல் ஐம்பது என்னும் எண்ணினடியாய்ப் பிறந்தது. இளவேனிற் காலத்திலே ஏறத்தாழ ஐம்பது நாள் எல்லைக்குள் பாலைநிலத்திலிருந்து மணலும் வெப்பமும் கொண்டு வீசும் காற்றுக்குப் பெயர். காற்றைக் கல்லிலே காட்டுவது எவ்வாறு? முக்தார் ஒரு பெண்ணை எதிர்க்காற்றிலே நடக்கவிட்டார். அவள் தலை குனிந்திருக்கிறது. ஆடை முன்னே உடலோடு ஒட்டிப் பின்னே புடைத்துப் பறக்கின்றது. வளைந்த அவ்வாடையே காற்றாகிவிடுகிறது. சிலையை நோக்குவோர் காற்று எத்திசையிலிருந்து வருகின்றது என்பதைக் கேளாமலே அறிவர். பிறிதொன்றைச் சொல்லிக் கருதிய பொருளைப் பெறவைக்கும் புலமை நெறியைச் செய்யுளில் நாம் நன்கறிவோம். கல்லிலே அதனை இத்துணை எளிமையாகச் செய்தல் அரிது.

'ஷைகுல் பலத்' என்னும் சிலையையும் குறிப்பிடவேண்டும். ஊர்த் தலைவன் என்பது அதன் பொருள். இப்பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சக்காராவில், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மரச்சிலையொன்று அகழ்ந்தெடுக்கப்பட்டபொழுது, தோண்டிய தொழிலாளர் அதன் முகத்தைக் கண்டு, இவர் எங்கள் ஊர்த் தலைவரல்லவோ என்று வியந்தனராம். அன்றுமுதல் அறிஞரும் அச்சிலையை அப்பெயராலேயே வழங்குகின்றனர். முக்தார் அப்பெயரையே தம் சிலைக்கு இட்டார். அவர் தந்தையும் ஓர் ஊர்த் தலைவர் என்பதை முன்பே கூறினோம்.

1930 மார்ச்சு மாதத்திலே பாரிசின் பெர்ன்ஹைம் ஜூன் கலைக்கூடத்தில் அவர் சிற்பங்களின் தனிக்காட்சி நடைபெற்றது. பிரெஞ்சு அரசினர் 'நைலின் மணமகள்' என்னும் சிலையை விலைக்கு வாங்கினர். கூலியாளாய்ப் படைக்கலம் செய்த நகரிலேயே அவருக்கு இம்மதிப்புக் கிடைத்தது.

தாயகத்திலே நிலைமை வேறாயிருந்தது. ஸக்லூலுக்குக் கைரோவில் ஒன்றும் அலக்சாந்திரியாவில் ஒன்றுமாக இரு பெருஞ் சிலைகள் செய்யும் பொறுப்பு 1930 இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே ஆட்சி மாறியது. புதிய முதலமைச்சர் இஸ்மாயில் சித்கி, ஸக்லூலின் கட்சிக்கு மாறானவர். மாற்றாரின் தலைவருக்குச் சிலை எழுப்ப எந்த அரசு விரையும்? வழக்கும் தடையும் தொடர்ந்தன. சிற்பியின் உடல் நலிந்தது. அவ்வேலைகள் மக்கள் கண்ணுக்கு வருமுன்னரே, 1934 மார்ச்சு மாத இறுதியிலே, கைரோவில் முக்தார் உயிர் நீத்தார். வயது நாற்பத்திரண்டு. சிலைகள் 1938 இலேதான் திறக்கப்பட்டன. அவற்றிலே ஸக்லூலின் பெருமிதம் உண்டு. எனினும் கமாஸீன் காற்றிலே நடந்த அந்தப் பெயரறியாப் பெண்ணின் உயிர்ப்பு அவற்றில் இல்லை என்றே சொல்லத் துணிகிறேன். காழ்ப்பும் வழக்கும் சூழ்ந்த நிலையிலே செய்த வேலை வேறு, மனம் தானே நாடிச் செய்த வேலை வேறு.

அவர் படைப்புகள் பாரிசிலும் கைரோவிலுமாகச் சிதறி அழிந்துபோகாமற் காத்தோருள் ஹுதா ஷஃராவி அம்மையார் தலைமையானவர். முக்தாரின் நண்பர் சங்கத்தை அவரே முன்னின்று நடத்தி, இளஞ் சிற்பிகளுக்கு அவர் பெயராற் பரிசும் வழங்கச் செய்தார். முக்தாரின் சகோதரி மகன் பத்ருத்தீன் அபூ காஸி மாமனாரின் வாழ்க்கையை நூலாக எழுதினார். அவர் பின்னாளிலே எகிப்தின் பண்பாட்டு அமைச்சருமானார்.

'எழுச்சி' நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. 1955 இல், புரட்சி அரசினர் மெம்பிஸ் நகரத்து இடிபாட்டிலிருந்து இரண்டாம் ராம்சேஸ் மன்னனின் பழம்பெருஞ் சிலையைக் கொணர்ந்து புகையிரத நிலையச் சதுக்கத்தில் நிறுத்த விரும்பி, முக்தாரின் சிலையைச் சர்வகலாசாலை முன்றிலுக்கு மாற்றினர். நாள்தோறும் ஊரூராக வந்திறங்கும் உழவர்கள் முதலிற் காணும்படி வைத்த உழவர் மகளை அப்புறப்படுத்தி, மூவாயிரம் ஆண்டுக்கு முந்திய வேந்தனை அங்கு வைத்தது பொருத்தமாக எனக்குத் தோன்றவில்லை. வேந்தனுக்கும் அவ்விடம் நிலைக்கவில்லை. வண்டிப் புகையும் அதிர்ச்சியும் கல்லை அரிக்கின்றன என்று 2006 இல் ராம்சேஸையும் அங்கிருந்து பெயர்த்தனர். இப்பொழுது அவன் பிரமிட்டுகளை அடுத்த புதிய பெரும் நூதனசாலையின் முன்மண்டபத்தில் இருக்கிறான். சர்வகலாசாலைக்கு முன் வந்த பெண்ணை எவரும் அசைக்கவில்லை. 1933 இலேயே தன் முதற் பட்டதாரிப் பெண்களைக் கண்ட அக்கழகத்தின் மாணவியர் அவளைக் கடந்தே வகுப்புக்குச் செல்கின்றனர்.

கைரோவிலே நைல் நதியின் நடுவே கெசீரா என்னும் தீவுப்பகுதி உளது. அங்குள்ள பூங்காவொன்றில் முக்தாருக்கெனத் தனி நூதனசாலை 1962 இல் திறக்கப்பட்டது. அதன் கட்டடத்தை வகுத்தவர் ரம்சீஸ் வீஸா வாஸிப். அவர் தந்தை வீஸா வாஸிப், ஸக்லூலின் கட்சித் தலைவர்களுள் ஒருவராயிருந்து பாராளுமன்றத்தின் சபாநாயகருமானவர். மகன் இளமையிலே சிற்பியாகவே விரும்பிப் பின் கட்டடக் கலைஞரானவர். கீழ்த்தளத்திலே சிற்பியின் கல்லறை அமைந்துள்ளது. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் கஸ்ருன் நீல் பாலம். அதன் முகப்பிலே, முக்தார் திறப்பு விழாக் காணாத ஸக்லூலின் சிலை கையை உயர்த்தியபடி நிற்கிறது.